தகரக் கூரைக்குக் கீழே எஸ்.எம். 58: வன்னி வீட்டுக்கு ஏற்ற ஒலிப்பதிவுச் சோடி

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வீட்டு அறையொன்றில் ஒலிப்பதிவு தொடங்க நினைப்பவர் முதலில் வாங்குவது பெரும்பாலும் மலிவான கண்டென்சர் மைக், அதாவது வெளியிலிருந்து மின்சாரம் எடுத்து வேலை செய்யும் வகை. ஸ்டான்ட், வலை, பஞ்சு எல்லாம் ஒரே பெட்டிக்குள் வரும். பூட்டி முதல் பதிவைக் கேட்டால் குரலோடு சேர்ந்து மின்விசிறி, அடுத்த வளவு நாய், வீதியால் போன லான்ட்மாஸ்டர், வெயிலேறத் தகரம் விரிந்து போடும் 'டக் டக்' எல்லாம் உள்ளே இருக்கும். மைக்கில் பழுதில்லை. அது அடைத்து மெத்தையிட்ட அறைக்காகச் செய்யப்பட்டது. அப்படி ஓர் அறை இங்கே பெரும்பாலான வீடுகளில் இல்லை.

இங்கே எடுத்துக்கொள்வது ஒரு சோடி: ஷூர் எஸ்.எம். 58 மைக், ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ மூன்றாம் தலைமுறை இன்டர்ஃபேஸ், அதாவது மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி. 58 சந்தைக்கு வந்தது 1966இல். சோலோவின் மூன்றாம் தலைமுறை 2019இல் வந்தது. 2023இல் நான்காம் தலைமுறை வந்துவிட்டதால் இப்போது மிஞ்சிய இருப்பாகவோ பாவித்ததாகவோதான் கிடைக்கும். தீர்ப்பை முதலே சொல்லிவிடலாம். அறிவித்தல், விவரணம், ஒற்றைக் குரல் பாடல் என்று குரலை வைத்து உழைக்கப் போகிறவருக்கு இந்தச் சோடி நம்பி வாங்கக்கூடியது. பக்க வாத்தியங்களோடு பாட்டுப் பதிய நினைப்பவர் 58ஐ வாங்கலாம், சோலோவை வாங்கக் கூடாது.

58 போன்ற டைனமிக் மைக் (மின்சாரம் இல்லாமலே, காந்தமும் சுருளும் கொண்டு இயங்குவது) சுற்றுச் சத்தத்தை எடுக்காது என்று கடைகளில் சொல்வார்கள். அந்த விளக்கம் பிழை. பிழையாக விளங்கிக்கொண்டால் பாவிப்பதும் பிழைத்துப்போகும். 58உம் சரி, ஓடியோ டெக்னிக்கா ஏ.டி. 2020 போன்ற கண்டென்சரும் சரி, இரண்டும் முன்பக்கத்தை அதிகமாகவும் பின்பக்கத்தை மிகக் குறைவாகவும் கேட்கும் கார்டியொய்ட் மைக்குகள். இரண்டையும் வாயிலிருந்து ஒரே தூரத்தில் வைத்து, குரலின் மட்டத்தையும் ஒரே அளவாக்கினால், இரண்டிலும் மின்விசிறி ஏறத்தாழ ஒரே அளவுக்குத்தான் கேட்கும். வித்தியாசம் எந்தத் தூரத்தில் வைத்துப் பாவிக்கலாம் என்பதில் இருக்கிறது. கண்டென்சரைப் பொதுவாக 20, 30 சென்ரிமீற்றர் தள்ளி வைப்பார்கள். அதற்குள் நெருங்கினால் மூச்சுக்காற்று அடித்து, குரல் வீங்கும். 58 உதட்டோடு ஒட்டிப் பாடுவதற்கென்றே செய்யப்பட்டது. உருண்டை வலைக்குள்ளேயே பஞ்சு இருக்கிறது. 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே அதன் கேட்கும் திறன் தானாகவே இறங்குகிறது. அதனால் நெருக்கத்தில் ஏறும் கீழ்க்குரல் அளவோடு நிற்கும்.

30 சென்ரிமீற்றரில் இருந்த மைக்கை 5 சென்ரிமீற்றருக்குக் கொண்டுவந்தால் குரல் ஏறத்தாழ 15 டெசிபெல் கூடும். விசிறி இருந்த இடத்திலேயே இருக்கிறது, அதன் சத்தம் கூடவில்லை. இப்போது கெயினை, அதாவது மைக்கின் சைகையைப் பெருக்கும் அளவை, 15 டெசிபெல் குறைத்தால் குரல் பழைய மட்டத்துக்கு வரும், விசிறி 15 டெசிபெல் கீழே போகும். 58இன் முழுப் பயனும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. 58ஐ வாங்கி, கண்டென்சர் போல 30 சென்ரிமீற்றர் தள்ளி வைத்துக் கதைப்பவருக்கு அந்தப் பயன் எதுவும் கிடைக்காது.

விலை கூடிய, உள்ளிரைச்சல் (மைக் தானே எழுப்பும் இரைச்சல்) குறைந்த கண்டென்சர் வாங்கினால் தீராதா என்று கேட்பவர்கள் உண்டு. ரோட் என்.டி. 1 ஐந்தாம் தலைமுறையின் உள்ளிரைச்சல் 4 டெசிபெல், ஏ.டி. 2020இன் உள்ளிரைச்சல் 20 டெசிபெல். சுவரும் கூரையும் மூடாத அறையில் நடுச்சாமத்தில்கூடப் பூச்சிச் சத்தம் இந்த இரண்டு எண்களுக்கும் மேலே இருக்கும். அறை இரையும்போது மைக்கின் அமைதிக்குக் கொடுத்த காசு பதிவில் கேட்காது. என்.டி. 1 அருமையான மைக்தான், ஆனால் அதற்கு முதல் அறை வேண்டும்.

58ஐ வைக்கும் திசையிலும் கவனம் வேண்டும். அதன் வால்பக்கம், அதாவது வயர் போகும் பக்கம், கேட்பது மிகக் குறைவு. அந்த வால் யன்னலையோ வீதியையோ பார்க்க வேண்டும்; பேசுபவர் யன்னலைப் பார்த்தபடி, முதுகுக்குப் பின்னால் மெத்தையோ உடுப்பு அலுமாரியோ இருக்க வேண்டும். பலர் மாறி இருக்கிறார்கள்: யன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காருவதால் மைக்கின் வாய் நேரே வீதியைப் பார்க்கிறது.

இனிக் குறைகள். 58 மெல்லிய மின்சைகையைத்தான் தரும். 94 டெசிபெல் ஒலியழுத்தத்துக்கு 1.85 மில்லிவோல்ற், அதே ஒலிக்கு ஏ.டி. 2020 தருவது 14.1 மில்லிவோல்ற். சாதாரணமாகக் கதைக்கும் குரல் 1 மீற்றர் தூரத்தில் ஏறத்தாழ 60 டெசிபெல், 10 சென்ரிமீற்றரில் 80. அந்தக் குரலுக்கு 58 தருவது ஏறத்தாழ 0.37 மில்லிவோல்ற் மட்டுமே. சோலோ மூன்றாம் தலைமுறையின் கெயின் 56 டெசிபெல் வரை போகும். குமிழை முழுவதும் திருப்பினால் இந்தக் குரல் கணினியில் (அங்கே உச்ச எல்லை 0) மைனஸ் 19 டெசிபெல் அளவில் வந்து நிற்கும். 5 சென்ரிமீற்றருக்கு நெருங்கினால் இன்னும் 6 டெசிபெல் கிடைக்கும், குமிழைச் சற்றுக் குறைக்கலாம். ஆகவே குமிழ் முக்கால்வாசிக்கு மேலே நிற்பதைக் கண்டு பயப்பட வேண்டாம், அதுதான் இந்தச் சோடியின் இயல்பு. முழுக் கெயினிலும் சோலோவின் இரைச்சல் இந்தக் குரலுக்கு 60 டெசிபெல் அளவு கீழேதான் இருக்கும். ஆனால் அதற்கு மேல் இடமில்லை. யூடியூப்பில் எல்லோரும் வைத்திருக்கும் எஸ்.எம். 7பி இன்னும் மெல்லியது, 1.12 மில்லிவோல்ற். அதற்கு 60 டெசிபெல் கெயினாவது வேண்டும் என்று ஷூரே சொல்கிறது. சோலோவோடு அதைச் சேர்த்தால் இடையில் இன்னொரு பெருக்கி வாங்க வேண்டிவரும்.

இரண்டாவது குறை, 58இன் மேல்வரம்பு 15,000 ஹேர்ட்ஸ். வீணையின் மீட்டல், சலங்கை, கைத்தாளம் ஆகியவற்றின் மேல் மினுக்கம் இதில் முழுதாக வராது. குரலுக்கு இது பெரிய இழப்பில்லை. ஸ்கார்லெட்டின் ஏர் பொத்தானை அழுத்தினால் மேல்பகுதி சற்று எழும்பும். 58இன் மந்தத்துக்கு அது நல்ல மருந்து, 'ச', 'ஸ' கூர்மையாக விழும் குரலுக்கு மட்டும் வேண்டாம்.

தமிழ் பேசுவோருக்கு ஒரு வசதி இருக்கிறது. தமிழின் ப, த, க மூச்சை ஊதாமல் பிறப்பவை. ஆங்கிலம் வாசிக்கும்போது 'ப' ஒவ்வொன்றும் மைக்கில் குண்டு போல விழும், தமிழில் அவ்வளவு விழாது. மைக்கை வாய்க்கு நேரே பிடிக்காமல் கடைவாய்ப் பக்கமாக 30 பாகை சரித்து வைத்தால் மேலதிக வலைகூடத் தேவைப்படாது.

போலிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், உலகில் அதிகம் போலி செய்யப்படும் மைக்குகளில் இதுவும் ஒன்று. உண்மையான 58இன் எடை 298 கிராம். கடையில் தராசு இருந்தால் நிறுத்துப் பாருங்கள். 250க்குக் கீழே என்றால் திரும்பிப் பார்க்காமல் வெளியே வரலாம். எடை சரியாக இருப்பது மட்டும் போதிய சான்றாகாது, உள்ளே இரும்புத் துண்டு வைத்த போலிகளும் இருக்கின்றன. வெளிநாட்டில் 58 ஏறத்தாழ 100 டொலருக்கு விற்கிறது. இறக்குமதிச் செலவும் சேர்ந்து வர வேண்டிய மைக்கை அந்த விலையின் கால்வாசிக்கு ஒருவர் தருகிறார் என்றால் வேறு சோதனையே வேண்டாம். போலி வேலை செய்யாது என்றில்லை, கூத்து மேடையில் கத்த அது போதும். நெருங்கிப் பேசும்போது 4,000 ஹேர்ட்ஸுக்கு மேல் சொல் தெளிவாக எழும்புவதுதான் 58இன் பெயருக்குக் காரணம். போலியில் தவறுவதும் அதுதான்.

இனிச் சோலோ. முன்பக்கம் மூன்று முனையுள்ள ஒரு எக்ஸ்.எல்.ஆர். மைக் துளை, ஒரு பெரிய ஜாக் துளை. மைக் பெருக்கி ஒன்றுதான். ஜாக் துளை கிற்றாருக்கும் கீபோர்ட்டுக்கும் உரியது, அதற்குள் மைக்கைச் செருகினால் வேலை செய்யாது. ஊர்க் கடைகளில் 'மைக் வயர்' என்று கேட்டால் ஒரு முனை எக்ஸ்.எல்.ஆர்., மறுமுனை ஜாக் உள்ள வயரைத்தான் தருவார்கள், ஏனென்றால் கோயில் அம்பிளிஃபயருக்கு அதுதான் போகும். அதை வாங்கிச் சோலோவில் செருகி, குரல் எங்கோ கிணற்றுக்குள் கேட்கிறது என்று இன்டர்ஃபேஸைக் குறை சொல்வது அடிக்கடி நடக்கிறது. இரண்டு முனையும் எக்ஸ்.எல்.ஆர். உள்ள 3 மீற்றர் வயரைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் இரண்டு உள்வயரும் பின்னல் கவசமும் உள்ள வயரை வாங்கி நீங்களே பற்றவைக்கலாம்: 1ஆம் முனைக்குக் கவசம், 2க்கு ஒரு வயர், 3க்கு மற்றது, இரு பக்கமும் ஒரே ஒழுங்கு.

கண்டென்சர் மைக்குக்கு மின்சாரம் அனுப்பும் 48 வோல்ற் பொத்தானை 58க்கு அழுத்தத் தேவையில்லை. ஒழுங்கான எக்ஸ்.எல்.ஆர். வயரில் அது மைக்கைக் கெடுக்காது, பிழையாகப் பற்றவைத்த வயரில் கெடுக்கலாம். அணைத்தே வையுங்கள்.

கீபோர்ட் வைத்திருப்பவருக்குச் சோலோ ஏமாற்றம் தரும். கீபோர்ட்டின் இடது, வலது இரண்டையும் வாங்க இடமில்லை, ஒற்றை மோனோவாகத்தான் போகும். யமஹா பி.எஸ்.ஆர். வரிசையின் சில மாடல்கள் வாசித்ததை நேரடியாகப் பென் டிரைவில் ஸ்டீரியோ கோப்பாகப் பதியும். அதை எடுத்துக் கணினியில் போட்டு, குரலை மட்டும் சோலோவில் பதிவது நல்ல மாற்றுவழி. ஒரு பாடகர், ஒரு மிருதங்கம் என்று இருவரை ஒன்றாகப் பதிய வேண்டுமானால் வழியே இல்லை. அப்போது இரண்டு மைக் பெருக்கி உள்ள ஸ்கார்லெட் 2ஐ2தான் சரி. வித்தியாசக் காசு முதல் பாட்டுக் குழு வரும்போதே தேவைப்படும் என்று தெரிந்தால் தொடக்கத்திலேயே அதைப் போடுங்கள்.

சோலோவின் பெரிய நன்மை, அது யூ.எஸ்.பி. வயரிலேயே மின்சாரம் எடுப்பது. மின்வெட்டு வந்தாலும் மடிக்கணினியின் பற்றரி இருக்கும்வரை பதிவு நிற்காது. 2022இல் நாளுக்குப் 10 மணித்தியாலத்துக்கும் மேலாக மின்சாரம் நின்ற நாட்களை நினைப்பவர்களுக்கு இதன் பெறுமதி தெரியும். இன்னொரு நன்மையும் இதோடு வருகிறது. பதிவில் 'ம்ம்ம்' என்ற 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் இருந்தால் முதலில் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் குற்றவாளி சார்ஜர், அல்லது வீட்டில் சரியாக இல்லாத எர்த். இரண்டு முனைப் பிளக் சார்ஜரில் மடிக்கணினியின் உலோக உடலைத் தொட்டால் மெல்லிதாகச் சுணைக்கும், அதே மின்கசிவுதான் இது. எர்த் முனையுள்ள சார்ஜர், எர்த் கம்பி உண்மையாகவே மண்ணுக்குள் இறங்கிய பிளக், இரண்டும் வேண்டும். அதுவரை பற்றரியில் பதியுங்கள். சார்ஜரைக் கழற்றியும் நிற்காவிட்டால் மைக்குக்குப் பக்கத்தில் யூ.பி.எஸ்., இன்வேட்டர், பெரிய அடப்டர் ஏதும் இருக்கிறதா பாருங்கள். 58இன் உள்ளே சுருளும் சிறு ட்ரான்ஸ்ஃபோமரும் இருக்கின்றன, பக்கத்துக் காந்தப்புலத்தை அவை பிடிக்கும். 1 மீற்றர் தள்ளி வைத்தால் பெரும்பாலும் தீரும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கினால் எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள், ரவுட்டரின் வயரையும்தான்.

தன் குரலைக் கேட்டபடி பேச டைரெக்ட் மொனிட்டர் பொத்தான் இருக்கிறது. அதைப் போட்டால் குரல் கணினிக்குப் போய்த் திரும்பாமல் நேரே காதுக்கு வரும், எதிரொலிபோலப் பிந்தாது. அதைப் போட்டுவிட்டு மென்பொருளிலும் கேட்பதை நிறுத்தாமல் விட்டால் குரல் இரண்டு தரம் கேட்கும். ஹெட்ஃபோன் காதை மூடும் வகையாக இருக்க வேண்டும். ஓடியோ டெக்னிக்கா எம். 20 எக்ஸ் தொடக்கத்துக்குப் போதும். காதுக்குள் செருகும் திறந்த இயர்ஃபோனில் போகும் பின்னணி இசை மைக்கில் ஒழுகும்.

மைக்கும் இன்டர்ஃபேஸும் செய்யாத வேலையை அறை செய்ய வேண்டும். மீள்குடியேற்றத்துக்குப் பின் கட்டிய வீடுகளில் அறை பத்துக்குப் பத்து அடி இருப்பது சாதாரணம். சீமெந்துக் கல் சுவர், சீமெந்துத் தரை, பல வீடுகளில் உட்சுவர் கூரைவரை எழும்பாது. குசினியில் தேங்காய் துருவுவது சுவருக்கு மேலால் வந்து மைக்கில் விழும். சதுர அறைக்கு இன்னொரு கெடுதி. பத்து அடி என்றால் 3.05 மீற்றர். நம் வெக்கையில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 350 மீற்றர். ஆக 57, 115, 172 ஹேர்ட்ஸ்களில் ஒலி சுவருக்குச் சுவர் மோதி நின்று வீங்கும். நீளமும் அகலமும் ஒன்று என்பதால் வீக்கம் இரட்டிப்பு. 115 ஆண்குரல் நடமாடும் இடம். வாசிக்கும்போது சில சொற்கள் மட்டும் பானைக்குள் சொன்னதுபோலக் கேட்பது இதனால்தான். அறையின் நடுவில் இருக்காதீர்கள், மூலையிலும் இருக்காதீர்கள். ஒரு சுவரிலிருந்து அறை நீளத்தின் மூன்றில் ஒரு பங்கு தள்ளி இருந்தால் ஓரளவு தப்பலாம்.

முட்டைத் தட்டு ஒட்டுவதை விட்டுவிடுங்கள். மெல்லிய கடதாசி, மேல் அதிர்வெண்களில் கொஞ்சம் சிதறடிக்கும், வேறொன்றும் செய்யாது. ஒலியை உறிஞ்சத் தடிப்பு வேண்டும். 10 சென்ரிமீற்றர் தடித்த தும்பு மெத்தையைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினால் 900 ஹேர்ட்ஸ் அளவிலிருந்து மேலே நன்றாக உறிஞ்சும். அதே மெத்தையைச் சுவரிலிருந்து இன்னொரு 10 சென்ரிமீற்றர் தள்ளி நிறுத்தினால் அந்த எல்லை 450 அளவுக்கு இறங்கும். செலவில்லாமல் கிடைக்கும் பெரிய முன்னேற்றம் இந்த இடைவெளிதான், ஆனால் பலரும் சுவரோடு அறைந்துவிடுகிறார்கள்.

கூரை திறந்த அறைக்கு ஒரு கூடாரம் கட்டலாம். முக்கால் அங்குல பி.வி.சி. குழாய் 13 அடி நீளத்தில் ஐந்து. நான்கு குழாய்களை ஒவ்வொன்றும் 7 அடி, 4 அடி என வெட்டினால் நான்கு கால்களும் மேல்சட்டமும் வரும். ஐந்தாவதில் 4 அடித் துண்டு மூன்று எடுத்தால் கீழ்ச்சட்டத்தின் மூன்று பக்கம் முடியும், நாலாம் பக்கம் வாசல். மேலேயும் மூன்று பக்கமும் தடித்த போர்வையை இரட்டையாகப் போடுங்கள், இரண்டு போர்வைக்கும் இடையில் ஒரு கையகல இடைவெளி. வாசலில் ஒற்றைப் போர்வை போதும். இது எதிரொலியைக் கொல்லும். வெளிச் சத்தத்தை நிறுத்தாது. அந்த எதிர்பார்ப்போடு கட்டினால் மனம் நோகும். உள்ளே வெக்கை ஏறும், 20 நிமிடத்துக்கு ஒருதரம் வெளியே வந்து தண்ணீர் குடிக்க வேண்டும். வாய் காய்ந்தால் நாக்கு ஒட்டும் 'டிக்' சத்தம் ஒவ்வொரு சொல்லிலும் விழும், அதை வெட்டி எடுப்பது பதிவைவிட நீண்ட வேலை.

தகரத்தில் மழை விழுந்தால் எந்த மைக்காலும் பயனில்லை, பதிவை நிறுத்துங்கள். ஐப்பசி முதல் தை வரை மழை நாட்களில் திகதி கொடுத்து வேலை ஏற்கும்போது இரண்டு நாள் கூட்டிச் சொல்லுங்கள். வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்றுத் தகரத்தையும் பனையோலையையும் நாள் முழுக்க அடிக்கும். இரவில் அடங்கும் நேரத்தைப் பிடிக்க வேண்டும். மார்கழியில் திருவெம்பாவைக் காலத்தில் விடியப்புறம் கோயில் ஒலிபெருக்கி போகும். மாசி, பங்குனிதான் பொதுவாக அமைதியான காலம். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு வைகாசியில் வெளியிட வேண்டிய பாடல் என்றால் பாடகரைப் பங்குனியிலேயே அழைத்துக் குரலைப் பதிந்து முடித்துவிடுவது நல்லது.

உழைப்பு எங்கிருந்து வரும் என்பதைப் பொறுத்துத்தான் இந்தச் சோடி தகுமா என்று சொல்ல முடியும். முதலில் வருவது ஓட்டோவில் போகும் அறிவித்தல்: கடைத் திறப்பு, விளையாட்டுப் போட்டி, திருவிழா, கூட்டம். இதற்கு 58 பிறந்தே இருக்கிறது, ஏனென்றால் புனல் ஒலிபெருக்கி தருவதும் நடுத்தர அதிர்வெண்களைத்தான். குரலில் 250 ஹேர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டுங்கள், புனல் அதைத் தராது, உள்ளிருக்கும் டிரைவருக்கும் அது கேடு. குரலின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கொம்பிரசரை 6க்கு 1 வரை இறுக்கலாம். எதிரொலி சேர்க்கவே வேண்டாம், வீதியே அதைச் சேர்க்கும். நீளத்துக்கு ஒரு கணக்கு: ஓட்டோ மணிக்கு 20 கிலோமீற்றரில் போனால் வினாடிக்கு 5.6 மீற்றர். முன்னும் பின்னும் 60 மீற்றர் வரை சொல் விளங்கும் என்று வைத்தால் ஒரு வீட்டுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 21 வினாடி. என்ன, எங்கே, எப்போது மூன்றும் 20 வினாடிக்குள் முடிய வேண்டும். 'அன்பார்ந்த பொதுமக்களே' என்று தொடங்கி 15 வினாடியை வாழ்த்தில் செலவழித்தால் வீடு தாண்டிப் போய்விடும். கோப்பு எம்.பி. 3, மோனோ, 44,100 ஹேர்ட்ஸ், 128 கிலோபிற். பென் டிரைவ் ஃபாட் 32 வடிவில் இருக்க வேண்டும், கோப்பின் பெயர் வெறும் எண். மலிவான பிளேயர்கள் 24 பிற் கோப்பையும் தமிழ்ப் பெயரையும் வாசிக்காமல் மௌனமாக நிற்கும். கடைசியில் 2 வினாடி வெறுமை விடுங்கள், திரும்பத் திரும்ப ஓடும்போது மூச்சு விட இடம் வேண்டும்.

அடுத்தது காணொளி விவரணமும் நினைவு நாள் பதிவுகளும். 31ஆம் நாளில் வாசிக்கும் கல்வெட்டுப் பாடல்களை ராகத்தோடு பாடிப் பதிந்து கேட்கும் குடும்பங்கள் உண்டு, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளும் கேட்பார்கள். இந்த வேலையில் தொழில்நுட்பத்தைவிடப் பெயர்கள் முக்கியம். பேரப்பிள்ளைகளின் பெயரை எப்படி உச்சரிப்பது என்று குடும்பத்தில் ஒருவரிடம் குரல் செய்தியாக வாங்கிக்கொண்டு பிறகு பதியுங்கள். ஒரு பெயர் தவறினால் முழுப் பதிவும் அவர்களுக்குத் தவறுதான். காணொளிக்கு 48,000 ஹேர்ட்ஸ், 24 பிற்றில் பதியுங்கள். ஒரு குரல் நிமிடத்துக்கு 8.6 மெகாபைற், மணித்தியாலத்துக்கு 520 அளவு. உச்சம் மைனஸ் 12க்கும் 6க்கும் இடையில் நிற்கட்டும். பிறகு 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, நெருங்கிப் பேசியதால் ஏறிய 200 முதல் 300 வரை 3 டெசிபெல் இறக்கம், 3க்கு 1 கொம்பிரசர், 6,000 பக்கம் 'ச'வை அடக்கும் டீ-எஸ்ஸர். இந்த ஒழுங்கு 58க்குப் பெரும்பாலும் பொருந்தும். இரைச்சல் நீக்கியைக் கடைசியில், மெல்லிதாக. அதை இறுக்கினால் குரல் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல ஆகும்.

கூத்துப் பதிவு இந்தச் சோடியின் வேலை அல்ல. முள்ளியவளைப் பக்கம் ஆடும் கோவலன் கூத்தை அண்ணாவியாரின் மத்தளத்தோடும் பிற்பாட்டோடும் பத்துக்குப் பத்து அறைக்குள் அடைக்கக் கூடாது. வெளியில், இரண்டு மைக் உள்ளீடாவது உள்ள கைப்பதிவுக் கருவியோடு போக வேண்டும். வயதான கலைஞர் ஒருவர் தனியே இருந்து பாடிக் காட்டுவதை மட்டும் 58இல் அழகாக எடுக்கலாம். காசு வராவிட்டாலும் செய்ய வேண்டிய பதிவு அது.

மென்பொருளுக்கு ஓடாசிற்றி இலவசம், அறிவித்தலுக்குப் போதும். பாட்டுக்கு ரீப்பர். 60 நாள் முழுதாகப் பாவித்துப் பார்க்கலாம், அதன் பிறகு ஆண்டு வருமானம் 20,000 டொலருக்குக் கீழே உள்ளவருக்கு உரிமம் 60 டொலர்.

இணையத்தில் குரல் விற்க நினைப்பவர் சில விடயங்களை முதலே தெரிந்திருக்க வேண்டும். சிறு வேலைகளை விற்கும் ஃபைவர் தளத்தில் ஒவ்வொரு வேலையிலும் 20 வீதம் கழியும். 25 டொலர் வேலைக்குக் கையில் 20. ஓடிபிளுக்கு ஒலிநூல் செய்யும் ஏ.சி.எக்ஸ். தளம் அமெரிக்கா, கனடா, பிரித்தானியா, அயர்லாந்து ஆகிய நாடுகளில் வசிப்பவர்களுக்கு மட்டும். இலங்கையிலிருந்து சேர முடியாது. ஆனாலும் அது கேட்கும் தரம் ஒலிநூலுக்கு நல்ல அளவுகோல்: சராசரி மட்டம் மைனஸ் 23க்கும் 18க்கும் இடையில், உச்சம் மைனஸ் 3, வெறும் அறையின் இரைச்சல் மைனஸ் 60க்குக் கீழே. கூடாரம், 58, இரவு நேரம் மூன்றும் சேர்ந்தால் இந்த மைனஸ் 60ஐ எட்டலாம், விசிறி ஓடினால் எட்ட முடியாது.

பாட்டு வேலையில் ஒரு பொறி. சினிமா மெட்டில் பக்திப் பாடல் எழுதிக்கொண்டு வருவார்கள். யூடியூப்பில் ஏற்றினால் மெட்டுக்கு உரியவர் விளம்பர வருமானத்தை எடுத்துக்கொள்ளலாம், பாட்டை முடக்கவும் செய்யலாம். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டப்படி படைப்பாளியின் ஆயுளும் அதன்பின் 70 ஆண்டும் உரிமை நிற்கும். வேலையை ஏற்க முதல் இதைச் சொல்லிவிடுங்கள், பிறகு சொன்னால் பிழை பதிவு செய்தவர் தலையில்தான் விழும்.

விலை சொல்லும்போது நேரத்தை எண்ணுங்கள். 30 வினாடி அறிவித்தலுக்கு எழுத்தைத் திருத்த 10 நிமிடம், பதிய 15, வெட்டிச் சீராக்க 20, அனுப்ப 10. ஒரு மணித்தியாலம் போய்விடும். ஒரு மணித்தியால விவரணம் முடிய 5 மணித்தியாலமாவது வேண்டும். பாதிக் காசு முன்பணம், இரண்டு திருத்தம் வரை இலவசம், எழுத்தையே மாற்றினால் புதுவேலை என்று முதலே எழுதிக்கொடுங்கள். மைக், இன்டர்ஃபேஸ், ஹெட்ஃபோன், ஸ்டான்ட், வயர், கூடாரம் எல்லாம் சேர்த்து 150,000 ரூபா முடிகிறது என்றும், ஒரு வேலையில் மின்சாரம், இணையம் போக 2,000 நிற்கிறது என்றும் வைத்துக்கொண்டால் போட்ட காசு திரும்ப 75 வேலை வேண்டும். வாரம் இரண்டு வேலை வந்தால் ஒன்பது மாதம். கடன் எடுத்து வாங்குபவர் உங்கள் ஊர் விலைகளைப் போட்டு இந்தக் கணக்கைச் செய்துவிட்டுப் போங்கள். மைக்கின் விலையைக் கூட்டினால் வேலையின் விலை கூடாது, ஓட்டோக்காரர் அதைக் கேட்கமாட்டார். மிச்சக் காசு இருந்தால் மெத்தைக்கும் எர்த்துக்கும் போடுங்கள்.

58இன் பராமரிப்பு சுலபம். உருண்டை வலையைத் திருகிக் கழற்றி, வெதுவெதுப்பான சவர்க்காரத் தண்ணீரில் பழைய பல்துலக்கியால் மெல்லத் தேய்த்து, முழுவதும் காய்ந்த பிறகு பூட்டவும். பலர் பாடும் மைக் என்றால் மாதம் ஒருதரம். சோலோவின் துளைகளுக்குள் சிற்றெறும்பு குடியேறும். பாவிக்காத நேரம் மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா பொதியோடு வையுங்கள். கடற்கரைப் பக்கத்து வீடுகளுக்கு உப்புக்காற்றும் ஒரு காரணம்.

பாவித்த சோலோ வாங்கப் போகிறவர் மடிக்கணினியையும் ஒரு மல்ரிமீற்றரையும் கொண்டு போகவேண்டும். யூ.எஸ்.பி. வயரைப் பூட்டி முனையை மெல்ல ஆட்டுங்கள். தொடர்பு அறுந்தால் துளை தளர்ந்திருக்கிறது, விட்டுவிடலாம். 48 வோல்ற்றைப் போட்டு எக்ஸ்.எல்.ஆரின் 1ஆம், 2ஆம் முனைகளுக்கு இடையிலும் 1ஆம், 3ஆம் முனைகளுக்கு இடையிலும் அளக்கவும்; இரண்டும் 44க்கும் 52க்கும் இடையில், ஏறத்தாழ ஒரே அளவாக இருக்க வேண்டும். அதை அணைத்து மைக்கைப் பூட்டி, கெயின் குமிழை அடியிலிருந்து உச்சிவரை மெதுவாகத் திருப்பியபடி ஹெட்ஃபோனில் கேளுங்கள். 'கரகர' வந்தால் விலையைக் குறைக்கச் சொல்லலாம்; உச்சியில் சீரான மெல்லிய 'உஸ்' மட்டும் கேட்டால் எடுத்துக்கொண்டு வாருங்கள்.